பேசாத இரண்டு வீடுகளுக்கு வைத்தியம்

அந்தத் தெருவில் யாரும் தனியாக எங்கேயும் போனதில்லை. கடைக்குக் கிளம்புகிறவர் நாலு வாசலில் நின்று, "ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார், அதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். பஸ் பிடிக்கப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு மாட்டும் வரை காத்திருப்பார். இருவரும் ஜோடியாகப் பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள். தங்கமான ஜனங்கள்தான். ஆனால் ஆற்று வெள்ளம் யாரும் செருப்பு மாட்டும் வரை காத்திருக்காது.

தெருவின் கீழ்முனை ஆற்று வளைவில் இருக்கிறது, மேல்முனை பள்ளிக்கூட மேட்டில். மலையில் கொட்டித் தீர்த்தால் அணையைத் திறப்பார்கள். திறந்த தண்ணீர் வந்து சேர அதிக நேரம் ஆகாது. அதற்குள் தெரு மொத்தமும் மேட்டுக்கு ஏறியாக வேண்டும். அரை மணி நேரம் என்று பேரிடர் அலுவலகத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதல் ஒத்திகையில் நடந்த கூத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்படியே மேட்டுக்கு ஓடியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஓடவில்லை. மேல்வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களைக் கூட்டிவர இறங்கினார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் மேல்வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஏறினார்கள். தெருவோ ஒரு கைவண்டி போகிற அகலம். நட்டநடுவே சலூன்காரர், தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டார். "நீங்க முதல்ல போங்க." "ஐயோ, பெரியவரை வச்சிருக்கீங்க, நீங்க போங்க." இப்படியே முக்கால் மணி நேரம் மரியாதை வழிந்து ஓடியது. மேட்டில் கடிகாரத்தோடு நின்ற பேரிடர் ஆபீசரிடம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு நாய். அதுவும் பக்கத்துத் தெரு நாய்.

தெருக் குழுவின் தலைவி தையற்கடைக்காரி. கண்டிப்பானவள், கைவேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். தெருவின் நடுவே, தெரு திரும்புகிற வளைவில், ஒட்டிக்கொண்டு இரண்டு வீடுகள் உண்டு. அண்ணன் தம்பி வீடுகள். மேல்வீட்டில் அண்ணன் மனைவியான இவள். கீழ்வீட்டில் தம்பி மனைவி. தெருவில் இவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே சொல்வார்கள்; நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

ஒத்திகை ஊத்திக்கொண்ட மறுநாள், பெரியவளின் தையற்கடையில் கூட்டம். துணிக்கட்டுகளை ஒதுக்கி ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, பொறுமையாகப் பேசினார். ஒல்லியான மனிதர். சிரிக்க மாட்டார், ஆனால் சிரிப்பு வந்தால் மூக்கைச் சொறிவார். அன்றைக்கு நிறையச் சொறிந்துவிட்டார்.

"ஆபத்து என்னன்னு கண்டுபிடிக்கிறது பாதி வேலைதாங்க. அதுக்கு வைத்தியம் பாக்கணும். வைத்தியம் நாலு விதம். ஒன்னு, ஆபத்தை விட்டு விலகிப் போறது. இல்லன்னா, அதைக் குறைக்கறது. இன்சூரன்ஸ் மாதிரி அடுத்தவங்களோட பகிர்ந்துக்கறது இன்னொரு வழி. எதுவும் முடியலைன்னா, தெரிஞ்சே ஏத்துக்கிட்டு அதுக்குத் தயாரா இருக்கறது."

"எங்களுக்கு எது சார்?" என்று கேட்டாள் பெரியவள்.

ஆபீசர் மூக்கைச் சொறியவில்லை. "மேலிடத்துல முதல் வைத்தியத்தைச் சொல்றாங்க. தெருவையே காலி பண்ணி, ஊருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில வீடு தர்றதா யோசனை."

கீழ்முனை மீன்காரம்மா மெதுவாகக் கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரே மாடியில கிடைக்குமா?"

"குலுக்கல்தாம்மா. யாருக்கு எங்க விழும்னு சொல்ல முடியாது."

அடுக்குமாடியில் தண்ணீர் வராது, மின்தூக்கி இருக்கும், எல்லாம் சரி. ஆனால் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு மூடிய கதவு. நாலு வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போகிற இந்தக் கிறுக்கர்களை ஆளுக்கொரு மாடியாகப் பிரித்துப் போட்டால் ஒரு மாதத்தில் வாடிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதலில் வாடுவது தானாகத்தான் இருக்கும் என்றும் தெரியும்.

"இன்னொரு வாய்ப்பு குடுங்க சார்."

"அடுத்த மாசம் இன்னொரு ஒத்திகை வைக்கிறேன். அரை மணிக்குள்ள தெரு முழுக்க மேட்டுல நின்னா, ரெண்டாவது வைத்தியமே போதும், ஆபத்தைக் குறைச்சாச்சுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். நிக்கலைன்னா என் கையில ஒன்னும் இல்லைங்க."

பெரியவள் மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்தாள். யோசிக்கும்போது அவளுக்குக் கையில் துணி இருக்க வேண்டும். ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே போனவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"தனித்தனியா ஓடச் சொன்னா நாங்க ஓட மாட்டோம் சார். பழக்கம் இல்ல. சேர்ந்தே போறோம். ஆனா ஒரு முனையில இருந்து போவோம். நாலு பக்கமும் ஊசியைக் குத்தினா துணி சுருங்கிப் போகும்; ஒரு முனையில ஆரம்பிச்சா நேரா வந்து சேரும். மீன்காரம்மா முதல்ல கிளம்பட்டும். அவங்க அடுத்த வீட்டைக் கூப்பிடட்டும். முகத்தைப் பாத்ததும் ரெண்டு வீடும் சேர்ந்து மூணாவது வீட்டுக்கு. அப்படியே மேல. யாரும் கீழ இறங்கக் கூடாது. கீழ்ப் பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிடாம யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினா தெரு அடைச்சுக்கும்."

ஆபீசர் அவளையே பார்த்தார். "இத்தனை நாளா இதை எங்கம்மா வச்சிருந்தீங்க? உங்க தெருவோட குறையை எடுத்து அதையே மருந்தாக்கிட்டீங்களே!"

கடை கலகலத்தது. சைக்கிள் கடைக்காரர் கை தட்டினார். பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க நூலைப் பல்லால் கடித்தாள்.

"சரி, இந்தச் சங்கிலியில பலவீனமான கண்ணி எது?" என்றார் ஆபீசர்.

கலகலப்பு நின்றது. மீன்காரம்மா கூரையைப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் தன் விரல் நகங்களைப் பார்த்தார். யாருமே பெரியவளைப் பார்க்கவில்லை. கதவோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சின்னவளையும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்த விதத்திலேயே ஆபீசருக்குப் பாதி விளங்கிவிட்டது.

சலூன்காரர்தான் வாயைத் திறந்தார். "சார், சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு மேல் வீடு சின்னவங்க வீடு. நான் அவங்களைக் கூப்பிட்டுடுவேன். அவங்களுக்கு மேல பெரியவங்க வீடு. சின்னவங்க பெரியவங்களைக் கூப்பிட மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

"எத்தனை நாளா?"

"நாளா?" என்றாள் மீன்காரம்மா. "வருஷத்தைக் கேளுங்க. மூணு."

சமாசாரம் இதுதான். சின்னவள் தன் வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தாள். திறப்பு விழாவுக்குப் பெரியவள்தான் பச்சை நிறத்தில் ஓர் உடுப்பு தைத்துக் கொடுத்தாள். அவள் தைத்ததிலேயே அழகானது. பெற்றோர் எல்லாம் கூடி நிற்க, சின்னவள் ரிப்பன் வெட்டக் குனிந்தாள். ரிப்பன் அறுந்ததோ இல்லையோ, முதுகில் தையல் 'டர்ர்' என்று விட்டது. "பாத்துத் தைக்க மாட்டியா அக்கா!" என்று அவமானத்தில் கத்திவிட்டாள் சின்னவள். பெரியவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! "நூல் என்ன பண்ணும்? அளவு எடுத்த அப்புறம் ஆளு ரெண்டு மடங்கு ஆனா!" என்று சபையிலேயே போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெண்கள் மட்டும் ஜாடையில் காலம் தள்ளினார்கள். சின்னவள் வீட்டுக் குப்பை பறந்து வந்தால், பெரியவள் பூனையைப் பார்த்து, "சிலருக்குத் துடைப்பம்னா என்னன்னே தெரியாது" என்பாள். பெரியவள் மெஷினை அதிகம் ஓட்டினால், சின்னவள் குழந்தைகளிடம், "தூங்குங்க கண்ணுங்களா, இந்த உலகத்துல சிலருக்கு இரக்கமே கிடையாது" என்பாள். பூனைக்கும் குழந்தைகளுக்கும் இது பழகிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பெரியவள் எதைத் தைத்து முடித்தாலும் பின்கட்டுச் சுவருக்கு மேல் தூக்கிக் காட்டுவாள். "எப்படி இருக்குடீ?" சின்னவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கழுத்து தூக்கலா இருக்குக்கா" என்றோ, "அள்ளுதுக்கா" என்றோ சொல்வாள். இந்த மூன்று வருடமாகப் பெரியவள் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிக் காட்டிக்கொள்கிறாள். கண்ணாடி ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு அது வலித்தது, நிறையவே வலித்தது. ஆனாலும் முதலில் அவள் பேசட்டும் என்றிருந்தாள். அந்தப் பக்கமும் அதே பிடிவாதம்தான்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். அவருக்கு ஆபத்து என்றால் ஆபத்துதான். அது ஆற்றிலிருந்து வந்தாலும் சரி, அடுத்த வீட்டிலிருந்து வந்தாலும் சரி. "இது நடக்க வாய்ப்பு எவ்வளவு?"

"தினம் நடக்குது சார்."

"நடந்தா பாதிப்பு?"

"வளைவுக்கு மேல இருக்கற பாதித் தெருவுக்கு அழைப்பே போகாது."

"அப்போ இது சிவப்பு, உச்ச ஆபத்து." உண்மையிலேயே சிவப்புக் கட்டத்தில் எழுதினார். "வைத்தியம் சொல்லுங்க. விலகறது?"

"ஒரு வீட்டைத் தூக்கி வேற இடத்துல வைக்கணும்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"பகிர்ந்துக்கறது?"

"மூணு வருஷமா தெரு மொத்தமும் பகிர்ந்துக்கிட்டுத்தான் இருக்கோம் சார்" என்றாள் மீன்காரம்மா.

"வேற யாராவது பெரியவங்களைக் கூப்பிட முடியாதா?"

"என் ரெண்டு கையும் அப்பா நாற்காலியில இருக்கும். மேட்டுல தள்ளறதுக்கே மூச்சு நின்னுடும், கத்தறதுக்கு எங்க போவேன்?" என்றார் சலூன்காரர். "எதிர்ப்பக்கம் கிடங்குச் சுவர். ஆளே கிடையாது. சின்னவங்க வீட்டுக்காரரும் பகல்ல வேலைக்குப் போயிடுவாரு."

ஆபீசர் சின்னவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒத்திகைக்கு மட்டும் ஒரு வார்த்தை கூப்பிட மாட்டீங்களா?"

சின்னவள் சுவரில் இருந்த நூல்கண்டுகளிடம் பேசினாள். "நான் கூப்பிட்டா, ரெண்டு மடங்கு ஆளு கூப்பிடுதுன்னு சிலர் சொல்லுவாங்க."

பெரியவள் தன் கத்தரிக்கோலிடம் பேசினாள். "யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். வேற வழி இருக்கும்."

வழியைக் கண்டுபிடித்தவர் சின்னவளின் கணவர். அவர் எலக்ட்ரீசியன், மின்சாரம் இல்லாத வைத்தியம் சொன்னார். வெள்ளத்தில் மின்சாரம் போய்விடுமே. இரண்டு வீட்டுப் பின்கட்டு வழியாக ஒரு கயிறு. கயிற்றின் மேல்முனையில், பெரியவள் வீட்டு உத்தரத்தில், ஒரு வெண்கல மணி. சின்னவள் தன் பக்கம் இழுத்தால் இங்கே மணி அடிக்கும். பெரியவள் வெளியே வருவாள். வாயைத் திறக்கவே வேண்டாம். ஆபீசர் மூக்கை வெகுநேரம் சொறிந்தார். பிறகு, 'குறைத்தல்: மணிக்கயிறு' என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாளே அண்ணனும் தம்பியும் கயிறு கட்டினார்கள். பஸ் ஓட்டுகிற அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தம்பி மேலே ஏறி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார்கள், மணி கணீரென்று அடித்தது. பெரியவளுக்குப் பரம திருப்தி. அடுத்த சில நாட்கள் அவள் வீடு வீடாகப் போய்ச் சட்டம் பேசினாள். "கூப்பிடாம வாசலைத் தாண்டினீங்க, அப்புறம் என்கிட்ட பேச்சு வச்சுக்காதீங்க. தலைவின்னு கூடப் பாக்க மாட்டேன், நானே ஆனாலும் மணி அடிக்காம வெளியே கால் வைக்க மாட்டேன்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

கயிறு அங்கேயே இருந்தது. நல்ல கயிறு, இழுத்துக் கட்டிய கயிறு, வெயில் படுகிற இடம். பெரியவளின் கணவர் ஒருநாள் கைக்குட்டை ஒன்றை அதில் காயப் போட்டார். மறுநாள் அவள் ஒரு துண்டு போட்டாள். சும்மா கிடக்கிற கயிற்றில் துணி போடாமல் இருக்கிற வீடு எங்கே இருக்கிறது?

ஒத்திகை நாள் காலை. ஆபீசர் வருகிறார், கூடவே மேலிடத்திலிருந்து யாரோ ஒரு அம்மையாரும் வருகிறார் என்று கேட்டதும் பெரியவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் அவள் துவைப்பாள். அது அவள் சுபாவம். வாசல் கழுவினாள், திரைகளைத் துவைத்தாள், கடைசியில் மெத்தென்று கனத்த இரட்டைப் போர்வையையும் முக்கி எடுத்து, பிழியக்கூட முடியாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டாள். எதில் போட்டாள் என்று அவள் கவனிக்கவில்லை.

சங்கு ஊதியது.

பெரியவள் கையில் ஒரே ஒரு பையோடு, மூடிய கதவுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் கணவர். தெருவின் கீழிருந்து குரல்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. மீன்காரம்மா குரல், அதற்குப் பதில் ஒரு கதவு. அடுத்த குரல், அடுத்த கதவு. யாரும் முட்டிக்கொள்ளவில்லை. யாரும் 'நீங்க முதல்ல' என்று சொல்லவில்லை. ஒரே சீராக, அவள் நினைத்தபடியே, தையல் ஏறுவதுபோல ஏறி வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கணவரின் கையைக் கிள்ளினாள்.

சலூன்காரர் குரல் வந்தது. சின்னவள் வீட்டுக் கதவு திறந்தது. காப்பகத்துக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டியாக வெளியே வரும் சத்தமும் கேட்டது. இனி மணி.

மணி அடிக்கவில்லை.

பின்கட்டில் ஏதோ 'சளக்' என்றது. மறுபடியும் 'சளக்'. கனமான ஈரத்துணி ஒன்று தூக்கித் தூக்கிப் போடப்படும் சத்தம். பெரியவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த பின்கதவு வழியாக அவளுடைய இரட்டைப் போர்வை தெரிந்தது. கயிற்றை வயிறு தொங்க அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குதி குதித்து, மறுபடி சோம்பலாகப் படுத்துக்கொண்டது. மணி உத்தரத்தில் அசையாமல் தொங்கியது.

"ஐயோ, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே!"

"நான் போய் எடுக்கிறேன்" என்று கணவர் நகர்ந்தார்.

"அங்க போய்ப் பிரயோஜனம் இல்ல. கயித்தை விட்டுட்டு அவ வாசலுக்கு வந்துட்டா. குரல் கேக்குது பாருங்க."

"அப்போ கதவைத் திற."

"எப்படித் திறக்கறது? கூப்பிடாம யாரும் தாண்டக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? நான் தாண்டினா நாளைக்கு ஒருத்தராவது என் பேச்சைக் கேப்பாங்களா?"

வெளியே கூட்டம் நின்றுவிட்டது. கீழ்ப்பாதித் தெரு முழுவதும் அவர்கள் வாசலில். கூப்பிட வேண்டியது அடுத்த வீட்டுக்காரி என்று மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆபீசரின் செருப்புச் சத்தம் மேலிருந்து இறங்கி வந்து நின்றது. பார்க்க வந்தவர் பேசக் கூடாது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை ஒன்று மூக்கை உறிஞ்சியது. பெரியவள் கதவில் காதை வைத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கூப்பிடேன்டீ, என்று மனசுக்குள் கெஞ்சினாள் பெரியவள். யாரையும் கெஞ்ச வேண்டாம் என்று சொன்னவள்தான். தெரு போய்விடும், கூப்பிடு. தெரு கிடக்கட்டும், எனக்காகக் கூப்பிடு.

"அக்கா!"

பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தினம் பத்துக் குழந்தைகளை அதட்டி மேய்க்கிற குரல் அது. ஆனால் அந்த ஒரு சொல்லில் நடுவே லேசாக உடைந்திருந்தது. கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். திறக்கவில்லை. என்ன பெண் இவள் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடம் கழித்து வந்த சொல் அது; இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா! வெளியே வாக்கா!"

காப்பகத்துக் குழந்தைகளுக்கு ஒரு பழக்கம். ஆன்ட்டி உரக்க எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல வேண்டும். பாட்டுக்கும் அப்படித்தான், எண்ணுக்கும் அப்படித்தான். எல்லாமாகச் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தின.

"அக்கா! வெளியே வாக்கா!"

கதவு படாரென்று திறந்தது. தெரு ஆர்ப்பரித்தது. மீன்காரம்மா கூடையைத் தட்டினாள், சலூன்காரரின் அப்பா நாற்காலியிலேயே எழுந்து நிற்கப் பார்த்தார். பெரியவளும் சின்னவளும் எதிரெதிரே நின்றார்கள். சின்னவள் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"மணிக்கு என்னக்கா ஆச்சு? இழுத்து இழுத்துக் கையே கழண்டு போச்சு!"

"போர்வைடீ."

"என்னது?"

"அந்தக் கயித்துல போர்வையைக் காயப் போட்டுட்டேன்டீ."

சின்னவள் ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பிறகு இடுப்புக் குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே, எந்தப் போர்வை, எப்போது துவைத்தது, ஏன் துவைத்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மையாராம், திரைகளாம், சின்னவளும் அன்று காலை வாசல் கழுவினாளாம். கூட்டம் நின்றது. இவர்கள் பேசினார்கள்.

அடுத்த வாசலுக்கு உள்ளிருந்து சைக்கிள் கடைக்காரர் குரல் வந்தது. "என்னைக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா? சட்டத்தை மீறி எட்டிப் பாக்கக்கூட முடியலையே!"

"ஐயோ! வாங்கண்ணே, வாங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்த, குழந்தைகளும் "வாங்கண்ணே, வாங்க!" என்று கத்த, தெரு மறுபடி நகர்ந்தது.

பிறகு அது நகரவில்லை, பறந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் பெரியவளும் சின்னவளும் குழந்தைகளும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியைப் பஸ் டிரைவரும் எலக்ட்ரீசியனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ள, சலூன்காரர் கையை வீசிக்கொண்டு வாழ்க்கையில் முதல்தடவையாக மேட்டில் சும்மா நடந்தார். மேடு ஏறும்போது பெரியவளுக்கு மூச்சு இரைத்தது. நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் திரும்பினாள். "ரெண்டு மடங்கு ஆளு நான்தானே? இப்போ யாருக்கு மூச்சு வாங்குது?"

"வாயை மூடிக்கிட்டு கையைக் குடுடீ."

சின்னவள் கையைக் கொடுத்தாள். இழுத்துக்கொண்டே ஓடினாள்.

பள்ளிக்கூட மேட்டில் கடைசி ஆள் கால் வைத்ததும் ஆபீசர் கடிகாரத்தை நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் கடிகாரத்தை மேலிடத்து அம்மையாரிடம் காட்டினார். அம்மையார் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, தலையசைத்தார்.

"அரை மணிக்குள்ளதான்" என்றார் ஆபீசர். "தெரு இங்கேயே இருக்கும்."

அப்போது எழுந்த சத்தத்தில் பள்ளிக்கூட மரத்துக் காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன. மீன்காரம்மா ஆபீசரைக் கட்டிக்கொள்ளப் போய், சட்டை நாறும் என்று நினைவு வந்து, கடிகாரத்தை மட்டும் தடவிக் கொடுத்தாள். பெரியவளின் கணவரும் தம்பியும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இனி தூது போகிற வேலை மிச்சம்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றார் ஆபீசர். "வைத்தியம் பாத்தா, அந்த வைத்தியத்தால புதுசா ஏதாவது ஆபத்து வந்திருக்கான்னும் பாக்கணும். அது விதி. மணிக்கயிறு வேலைக்கு ஆகல, அதைத் துணிக்கொடியாவே வச்சுக்கங்க. பழைய ஆபத்து தீர்ந்துபோச்சு, ரெண்டு வீடும் பேசிடுச்சு. ஆனா புதுசா ஒன்னு வந்திருக்கு. இந்த ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறாங்க. வளைவுல நல்லா மூணு நிமிஷம் சங்கிலி நின்னுடுச்சு. இதுக்கு என்ன வைத்தியம்?"

தெரு சிரித்தது. சலூன்காரர் கையைத் தூக்கினார். "நாலாவது வைத்தியம் சார்! ஏத்துக்கறோம்!"

"ஏத்துக்கறோம்!" என்றது தெரு மொத்தமும்.

"ஏத்துக்கறோம்!" என்றன குழந்தைகள், எதை என்று தெரியாமலே.

ஆபீசர் மூக்கைச் சொறியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுதினார். "குழுத் தலைவி கையெழுத்துப் போடணும். அம்மா! தலைவியம்மா!"

தலைவியம்மாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சின்னவளைத் திருப்பி நிறுத்தி, அவள் முதுகில் விரல்களை விரித்துச் சாணாக அளந்துகொண்டிருந்தாள். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, கழுத்திலிருந்து இடுப்புக்கு.

"பச்சையே தைக்கட்டுமாடீ?"

"பச்சையே தைக்கா" என்றாள் சின்னவள். கொஞ்சம் யோசித்து, திரும்பாமலே சொன்னாள். "ஆனா இந்தத் தடவை ரெண்டு விரல் தாராளமா விட்டுத் தை."